நாற்பதைக் கடந்தவர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடலாமா?

கூலிம் வட்டாரத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு இருட்டில் ஒரு விளக்கு நகர்ந்து சென்றால், அது யார் என்று கேட்க வேண்டிய தேவை ஒரு காலத்தில் இருந்ததில்லை. பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுத் தம் நிரைக்குச் செல்லும் பால்மரத் தொழிலாளியாகவே அவர் இருப்பார். இன்று அதே வேளையில் கூலிம் ஹைடெக் பூங்காவின் அகன்ற சாலைகளில் நின்று பார்த்தால் வேறு காட்சிகளும் கண்ணில் படுகின்றன. இரவுப் பணி முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைப் பேருந்துகள் திரும்புகின்றன. சாலையோரமாகச் சிலர் ஓடிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுள் தலை நரைத்தவர்களும் உண்டு.

1996ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட இப்பூங்கா நாட்டின் முதலாவது உயர்தொழில்நுட்பத் தொழிற்பூங்காவாகும். பாடாங் செராய், லூனாஸ், காராங்கான் முதலிய இடங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் இங்கு வேலைக்கு வந்தனர். தந்தை மரம் சீவினார். மகனோ மின்னணுச் சில்லுகள் செய்யும் கூடத்தில் ஓர் இயந்திரத்தின் முன்னே பன்னிரண்டு மணி நேரத்தைக் கழிக்கிறார். வருமானம் கூடிற்று, நடை குறைந்தது. தோட்டத்தை விட்டு நீங்காதவர்களிலும் பலர் இன்று நிரைக்கு மோட்டார் சைக்கிளில்தான் செல்கின்றனர். இதன் விளைவைக் கணக்கு காட்டுகிறது. 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியருள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று நாம் சொல்லும் நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இந்தியரிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது.

இந்நிலையில் நடுவயதை எட்டிய அன்பர்கள் சிலர் மாரத்தான் ஓடிப் பார்க்க ஆசைப்படுகின்றனர். வீட்டாரோ, "இந்த வயதில் இது எதற்கு? நெஞ்சு வெடித்துவிடும்" என்று தடுக்கின்றனர். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதே நம் கருத்து. ஓடலாம், ஆனால், ஆசைப்பட்ட மாதமே ஓடிவிடக் கூடாது. எப்படி ஓடுவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பவற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

மாரத்தான் என்பது என்ன?

மாரத்தான் என்னும் நெட்டோட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். கிரேக்க நாட்டின் மாரத்தான் சமவெளியிலிருந்து ஏதென்ஸ் நகருக்கு வெற்றிச் செய்தியைச் சுமந்து ஒரு வீரன் ஓடிய பழங்கதையை ஒட்டி, 1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கில் இப்போட்டி தொடங்கப்பட்டது. அதில் முதலாவதாக வந்த ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த ஓர் எளிய கிராமத்தவர். அப்போது தூரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டராகவே இருந்தது. 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கு வரை அளந்து வைத்த தூரமே பின்னர், 1921இல், உலகம் முழுவதற்கும் உரிய அளவாக ஏற்கப்பட்டது. ஆகவே அந்த 195 மீட்டருக்குப் பின்னால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓடுபவருக்கு அந்த 195 மீட்டர் எவ்வளவு நீளம் என்பது ஓடியவருக்கே தெரியும்!

இதில் பாதித் தூரம், அதாவது 21 கிலோமீட்டர் சொச்சம், அரை மாரத்தான் எனப்படும். 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் ஓட்டங்களும் பெரும்பாலும் ஒரே நாளில் நடத்தப்படுகின்றன. முதன்முறை ஓட விரும்புவோர் இந்தச் சிறிய ஓட்டங்களை அலட்சியம் செய்யக் கூடாது. அவை படிகள்.

பிந்தித் தொடங்கியவர்கள்

நடுவயதுக்குப் பின் ஓடத் தொடங்கியவர்களுக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசியலில் அறியப்பட்ட மா. சுப்பிரமணியன் 2006 முதல் 2011 வரை சென்னை மாநகர மேயராக இருந்தவர். 2021இல் மாநிலத்தின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவர். 2004ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் அவருக்குக் காலில் கடும் காயம் ஏற்பட்டது. நீரிழிவும் அவருக்கு உண்டு. ஐம்பது வயதைக் கடந்த பிறகே அவர் ஓட்டக்காரரானார். அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் திரும்பத் திரும்ப ஓடியது பாதித் தூரத்தைத்தான். முழுத் தூரம் ஓடினால்தான் ஓட்டக்காரர் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பஞ்சாப் மாநிலத்தின் பியாஸ் பிண்ட் கிராமத்தில் உழவராக வாழ்ந்த ஃபௌஜா சிங்கின் கதை இன்னும் வியப்பானது. 1911இல் பிறந்ததாகக் கூறப்படும் அவர், சிறு பிள்ளையாக இருந்தபோது கால்கள் வலுவின்றி ஐந்து வயது வரை நடக்கவில்லை. முதுமையில் தம் மகனை இழந்த துயரம் தாளாமல் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கினார். முதல் மாரத்தானை 2000ஆம் ஆண்டு லண்டனில், 89ஆம் வயதில், ஏழு மணி நேரத்துக்குச் சற்றே குறைவான நேரத்தில் முடித்தார். 2011இல் டொரொன்டோ நகரில், நூறு வயதினராக, 8 மணி 11 நிமிடத்தில் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் நூலில் அச்சாதனை ஏறவில்லை. பழைய தோட்டப் பிறப்புப் பதிவுகளோடு போராடிய நம் மக்களுக்கு அந்தச் சங்கடம் நன்கு விளங்கும். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம், தம் ஊருக்கு அருகே சாலையைக் கடக்கையில் வாகனம் மோதி அவர் இறந்தார். அவரைக் கொன்றது ஓட்டம் அன்று, சாலை. இதனைப் பின்னால் மீண்டும் நினைவுகூர்வோம்.

ஆஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கு பயிரிட்டு வந்த கிளிஃப் யங் என்பவர் 1983ஆம் ஆண்டு, 61 வயதில், சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை 875 கிலோமீட்டர் ஓட்டத்தில் இளைஞர்களை எல்லாம் பின்தள்ளி முதலாவதாக வந்தார். நம் தோட்டங்களில் மழைக்காலத்தில் அணியும் அதே வகை ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தவர் அவர். ஓட்டம் என்று சொல்வதைவிடக் காலை இழுத்து இழுத்து வைத்த விரைநடை என்றே அதனைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் படுத்துறங்கிய நேரத்தில் அவர் அந்நடையை விடவில்லை.

நம் நாட்டிலும் நீண்ட தூரத்துக்கு உரிய கால்கள் நம்மவரிடம் உண்டு என்பதற்குச் சான்று, 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்ற கோ. சரவணன். ஆனால் அவர் பயிற்சி பெற்ற இளம் வீரர். நாம் பேசுவதோ வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் பார்த்துக்கொண்டு ஓட நினைக்கும் நாற்பத்தைந்து வயதினரைப் பற்றி.

மருத்துவம் என்ன சொல்கிறது?

லண்டன் மாரத்தானில் முதன்முறையாக ஓடப் பெயர் பதிந்த 138 பேரை மருத்துவர்கள் பயிற்சிக்கு முன்னும் ஓட்டத்துக்குப் பின்னும் சோதித்தனர். அவர்கள் 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஓடியவர்கள். ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. வாரத்திற்கு ஏறக்குறைய மூன்று நாள் என மிதமாகவே அவர்கள் பயிற்சி செய்தனர். ஆறு மாதத்தில் அவர்களின் இரத்த அழுத்தம் சராசரியாக 4 புள்ளி இறங்கியது. இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாயின் விறைப்புத் தளர்ந்து, அது ஏறத்தாழ நான்கு வயது இளமையானது போன்ற நிலையை அடைந்தது. இன்னொரு செய்தி நமக்கு இனிப்பானது: வயதில் மூத்தவர்களும் மெதுவாக ஓடி முடித்தவர்களுமே அதிகப் பயன் பெற்றனர்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 10.9 மில்லியன் பேரின் கணக்கை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். ஓட்டத்தின்போதோ முடிந்தவுடனோ இதயம் நின்று விழுந்தவர்கள் 59 பேர். அவர்களுள் 42 பேர் இறந்தனர். மிக அரிதான நிகழ்ச்சிதான். ஆனால் விழுந்தவர்களின் சராசரி வயது 42; பெரும்பாலோர் ஆண்கள். பலருக்கு முன்பே இதயத்தில் கோளாறு இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது.

ஆதலின் காலணி வாங்கும் முன்னர் மருத்துவரைக் காண வேண்டும். அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். சொக்சோ சந்தாதாரர்களில் 40 வயதை எட்டியவர்களுக்கென 2013 முதல் இலவச உடற்பரிசோதனைத் திட்டம் நடத்தப்பட்டு வந்துள்ளது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென 2019இல் பெக்கா பி40 என்னும் திட்டமும் தொடங்கப்பட்டது. தமக்குத் தகுதி உண்டா என்று மருந்தகத்திலோ சொக்சோ அலுவலகத்திலோ கேட்டறிய வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட்டுச் சலுகையை இழப்பவர்கள் நம்மில் மிகுதி. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இதயத்தின் மின்வரைபடம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, "மாரத்தானுக்குப் பயிற்சி செய்யப் போகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் ஐம்பது வயதுக்கு முன்னரே மாரடைப்பால் இறந்தவர் இருந்தால் அதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிற்க வேண்டும். "வாயுப் பிடிப்பு" என்று தைலம் தடவிக்கொண்டு தொடர்ந்து ஓடலாகாது.

மரம் வெட்டுவோர்க்குத் தெரிந்த பாடம்

"நாங்கள் தோட்டத்திலே நடக்காத நடையா?" என்று சிலர் கேட்பர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் நிரையில் சுமார் 500 மரங்கள் என்றும், மரத்துக்கு மரம் 10 அடி என்றும் கொண்டால், ஒருமுறை சென்றுவர ஒன்றரைக் கிலோமீட்டர். வெட்டுவதற்கு ஒருமுறை, பாலெடுப்பதற்கு ஒருமுறை என மூன்று கிலோமீட்டர். மேடு பள்ளம், வரிசை மாறுதல், பால் கொட்டகைக்குச் சுமந்து செல்லும் தூரம் எல்லாம் சேர்ந்தால் ஐந்தாறு கிலோமீட்டர் ஆகலாம். மேலும், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று நின்று செல்லும் நடை இது. கால்களுக்கும் தோளுக்கும் வலுவைத் தருகிறது. ஆனால் இதயத்தை நாற்பது நிமிடம் இடைவிடாமல் உழைக்கப் பழக்குவதில்லை. எனவே தோட்ட உழைப்பாளிக்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. வீடு இன்னும் கட்டப்படவில்லை.

வீட்டைக் கட்டும் முறை அவருக்குத் தெரியாததும் அன்று. பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். பேராசைப்பட்டு ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம் விழும். காயம் ஆறிய இடம் கரடுமுரடாகி, அடுத்த முறை அங்கே கத்தி ஓடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது ஏன்? ஓய்வு நாளில்தான் மரம் தன் பாலை மீண்டும் ஊற வைக்கிறது. ஓய்வு கொடாமல் வெட்டிக்கொண்டே போனால் பட்டை வறண்டு பால் நின்றுவிடுகிறது. உடம்பும் அப்படித்தான். ஓடும் நாளில் தசை நொய்கிறது. ஓடாத நாளிலேதான் அது முன்னைவிட வலுவாகக் கட்டிக்கொள்கிறது. நடுவயதினரின் இதயமும் மூச்சும் இரண்டு மூன்று மாதத்தில் பழகிவிடும். தசைநார்களும் எலும்பும் பழக இன்னும் பல மாதம் வேண்டும். "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் ஓடலாம்" என்று நினைக்கும் அந்த மூன்றாவது மாதத்திலேதான் முழங்காலும் குதிகாலும் பழுதாகின்றன.

ஆறு மாதத்தில் மாரத்தானுக்குத் தயார் செய்துவிடலாம் என்று கூறும் அட்டவணைகள் பல உள்ளன. முன்பே ஓடிப் பழகியவர்களுக்கு அவை பொருந்தும். ஒன்றுமில்லாமல் தொடங்கும் நாற்பது வயதினருக்கு ஓராண்டு வேண்டும் என்பது நம் கருத்து. முதல் மாதம் வாரத்தில் மூன்று நாள், அரைமணி நேரம் போதும். நான்கு நிமிடம் விரைவாக நடந்து ஒரு நிமிடம் மெதுவாக ஓட வேண்டும்; வாரம் செல்லச் செல்ல ஓடும் நேரத்தைக் கூட்டி நடக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அரைமணி நேரம் நிற்காமல் ஓட முடிந்த பிறகு, வாரத்தில் ஒருநாளை நீண்ட ஓட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். அந்த ஓட்டத்தைச் சென்ற வாரத்தைவிட ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டுமே கூட்ட வேண்டும். நான்காவது வாரம் கூட்டாமல் குறைக்க வேண்டும். நான்கைந்து மாதத்தில் 10 கிலோமீட்டர் போட்டி ஒன்றிலும், எட்டாவது மாத வாக்கில் அரை மாரத்தான் ஒன்றிலும் ஓடிப் பார்க்கலாம். முழு மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்பாக 28 முதல் 32 கிலோமீட்டர் வரை ஒருமுறை ஓடியிருந்தால் போதுமானது. அதன்பின் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி வாரத்தில் பதறிப்போய்ச் செய்யும் பயிற்சி எதற்கும் உதவாது.

எவ்வளவு வேகமாக ஓடுவது? பக்கத்தில் ஓடும் நண்பரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். மாரத்தானை ஆறு மணி நேரத்தில் முடிக்க மணிக்கு 7 கிலோமீட்டர் சென்றால் போதும். விரைநடையைவிட அது சற்றே கூடுதல். இடையிடையே நடப்பது தோல்வி அன்று. 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கேலோவே, முதலிலிருந்தே சில நிமிடம் ஓடிச் சிறிது நடக்கும் முறையைத் தம் மாணவர்களுக்குக் கற்பித்துப் பரப்பினார். களைத்த பின் நடப்பதைவிடக் களைக்கும் முன்னே நடப்பதில்தான் அம்முறையின் நுட்பம் இருக்கிறது.

பணிமுறை மாறி மாறி வரும் தொழிற்சாலை அன்பர்களுக்குத் தனிச் சொல் ஒன்று. இரவுப் பணி முடிந்த காலையில் நீண்ட ஓட்டம் வேண்டா. தூக்கமின்றி ஓடுவது கூர்மையற்ற கத்தியால் மரத்தை வெட்டுவது போன்றது. நீண்ட ஓட்டத்தை விடுப்பு நாளின் இரண்டாம் காலைக்கு வைத்துக்கொள்க.

பெண்களுக்கு

நிரையில் வெட்டுவோரிலும் பூங்காவின் தொழிற்கூடங்களில் பணிபுரிவோரிலும் பெண்கள் எண்ணிக்கையில் மிக்கவர். மாரத்தான் பெண்களின் உடலுக்கு ஆகாது என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். புகழ்பெற்ற பாஸ்டன் ஓட்டம் 1972இல்தான் பெண்களை முறைப்படி ஏற்றது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல். இன்று பெரும்பாலான இடங்களில் அத்தடை இல்லை. மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் எலும்பு மெலிவதைத் தடுக்க, கால் ஊன்றி ஓடுவதும் விரைந்து நடப்பதும் உதவுகின்றன. இரத்தச்சோகை உள்ள பெண்கள் முதலில் அதற்கு மருந்து பெற வேண்டும். இருவர் மூவராகச் சேர்ந்து ஓடுவது நலம். அன்றைய காலைப் பசியாறலை வீட்டு ஆண்கள் கவனித்துக்கொண்டால் பயிற்சி பாதியில் நிற்காது. பல வீடுகளில் அது நிற்பதற்குக் காரணம் முழங்கால் அன்று, அடுப்பு.

காலணி, உணவு, தண்ணீர்

ஒரே வார்ப்பாக ரப்பரில் செய்த மலிவான கறுப்புக் காலணியை நம் நாட்டில் ‘அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாக அழைக்கிறோம். காட்டுப் பாதைக்கும் சேற்றுக்கும் அதனை விஞ்சிய காலணி இல்லை. மலையேறுவோரும் தேடி வாங்குகின்றனர். ஆயினும் தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட அது ஏற்றதன்று. பாதத்துக்கு மெத்தை இல்லை. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஓடி வென்றதும், இந்தியாவின் சிவ்நாத் சிங் வெறுங்காலோடு ஓடிப் பழகியதும் உண்மையே. சிறுவயது முதல் அவ்வாறே ஓடியவர்கள் அவர்கள். நாமோ ஓட்டத்துக்கென்று செய்த காலணி ஒன்றை, மாலை வேளையில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அணிந்து பார்த்து, விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குவது நல்லது. விலை உயர்ந்ததுதான் நல்லது என்பதில்லை. இனிப்புநீர் உள்ளவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கொப்புளம் வலிக்காமலே புண்ணாகிவிடும்.

உடலில் சேமித்து வைத்துள்ள மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிக்கே போதும். 65 கிலோ எடையுள்ளவர் மாரத்தான் முழுவதும் ஓட 2,700 கலோரி வரை செலவாகும். இந்தப் பற்றாக்குறையே 30ஆவது கிலோமீட்டரை ஒட்டிப் பலருடைய கால்களைக் கட்டிப்போடுகிறது. அதுவரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கூட அங்கே வாயடைத்துப் போவார். இதனைத் தவிர்க்க முதல் இரண்டு நாட்களில் சோறு, இட்லி, கஞ்சி போன்றவற்றைச் சற்றுக் கூடுதலாகவும், எண்ணெய்ப் பதார்த்தங்களைக் குறைவாகவும் உண்ண வேண்டும். ஓடும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ உட்கொள்ளலாம். எதனையும் பயிற்சியிலேயே தின்று பார்த்திருக்க வேண்டும். ஓட்ட நாளில் புதிய பண்டத்தை வயிற்றுக்கு அறிமுகம் செய்யக் கூடாது. இன்சுலின் போடுவோரும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை உண்போரும் மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, சட்டைப்பையில் சீனிமிட்டாய் வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு உப்புச்சத்து அளவுக்கு மேல் குறைந்திருந்தது. காரணம், வழிநெடுகத் தண்ணீரை அளவின்றிக் குடித்ததுதான். மெதுவாக ஓடுவோர்க்கே குடிப்பதற்கு நேரம் அதிகம். ஆகவே அவர்களே அதிகம் கவனிக்க வேண்டும். தாகத்துக்குக் குடித்தால் போதும். இடையிடையே உப்பும் இனிப்பும் கலந்த பானம் நல்லது. வலி தெரியாமல் இருக்க மாத்திரை விழுங்கிவிட்டு ஓடும் பழக்கம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனை அறவே விலக்குக.

கெடா வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று ஓட்டம் இல்லை. இருட்டில் ஓடுவோர் வண்டிகள் எதிரே வருவது தெரியுமாறு சாலையின் வலப்புறத்தில் ஓடி, ஒளிரும் மேலாடை அணிய வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஓட்டுநர்க்கு வளைவில் கறுப்புச் சட்டை தெரியாது. ஃபௌஜா சிங்கின் முடிவை இங்கே நினைவில் கொள்க.

ஓட்ட நாளும் மறுநாளும்

நமக்கு அருகில் உள்ள பெரிய ஓட்டம் பினாங்குப் பாலத்து மாரத்தான். 1985இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் மீது ஆண்டின் இறுதி மாதங்களில் பல ஆண்டுகளாக அது நடத்தப்பட்டு வந்துள்ளது. வெயிலுக்கு அஞ்சி முழு மாரத்தானை நள்ளிரவு கடந்தவுடனேயே தொடங்குவது அங்கே வழக்கம். அந்நேரத்தில் எழுந்து பழகாத நகரத்தவர் திணறுவர். பெரட்டுக்கு எழுந்து பழகியவர்க்கு அது புதிதன்று. ஆயினும் முதல் நாள் மாலையே படுத்துறங்க வேண்டும். எந்த ஓட்டமானாலும் முடிப்பதற்கு நேர வரம்பு உண்டு. பெயர் பதியும்போதே அதனைக் கேட்டறிந்து, நம்மால் இயலுமா என்று பயிற்சி வேகத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

தொடங்கும் இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி இசையும் கூச்சலுமாக இருக்கும். அந்த எழுச்சியில் முதல் ஐந்து கிலோமீட்டரை விரைந்து ஓடியவர்களைக் கடைசிப் பத்து கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்திருக்கக் காணலாம். எல்லாரும் நம்மைத் தாண்டிச் செல்லட்டும். முடிவிடத்தைக் கண்டதும் பாய்ந்து ஓடுவதும் வேண்டா. அதே நடையில் கடந்து, நின்றுவிடாமல் பத்து நிமிடம் மெல்ல நடக்க வேண்டும். பாதியில் நிறுத்த நேர்ந்தால் நிறுத்துக. அதற்காக யாரும் நம் பெயரைப் பெரட்டில் அடித்துவிடப் போவதில்லை.

திரும்பும்போது வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். மறுநாள் படியிறங்கும்போது தொடைகள் நடுங்கும். அன்றைக்கு முன்கூட்டியே விடுப்பு எழுதிக்கொடுத்திருப்பது அறிவுடைமை. சர்க்கரை மருந்து எடுப்போர்க்கு ஓடிய அன்றிரவும் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும்; வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஓட்டம் வேண்டா, நடை போதும். பிறகு முதலில் சென்ற அதே மருந்தகத்துக்குச் சென்று, இரத்த அழுத்தத்தையும் மூன்று மாதச் சர்க்கரை அளவையும் மீண்டும் எடுத்து, ஓராண்டுக்கு முன் கொடுத்த தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.